நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது

மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரையில் பூரணை நிலவு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தரம் 10 படிக்கிற அக்காவின் மகள் கச்சானை உடைத்தபடி கேட்டாள்: “மாமா, தேங்காய் விழுது, மாங்காய் விழுது. இந்த நிலா மட்டும் ஏன் விழல்ல?”

“விழல்ல எண்டு ஆர் சொன்ன? அது விழுந்துகொண்டுதானே இருக்கு” என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மறுபடி கச்சானில் கவனமாகிவிட்டாள். பகிடி இல்லை. நிலா மட்டுமல்ல, பூமி, வியாழன், கூரைக்கு மேலே டிஷ் அன்டனா பார்த்துக்கொண்டிருக்கும் செய்மதி எல்லாமே விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள அதிகக் கணக்குத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன் விசை என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிழையான எண்ணத்தைக் கழற்ற வேண்டும்.

தள்ளுவது அல்லது இழுப்பது விசை என்று நோட்ஸில் இருக்கும். சரி. அந்த விசை என்ன செய்கிறது? பொருளை ஓட வைக்கிறது என்பார்கள் பலர். இது பாதிதான் சரி.

வாவியில் தோணி ஓட்டியவர்களுக்குத் தெரியும். துடுப்பை வலித்தால் தோணி போகும். வலிப்பதை விட்டால் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும். ஆகவே ஓட்டத்துக்கு விசை வேண்டும், விசை போனால் ஓட்டமும் போய்விடும் என்று கண் சொல்கிறது. அரிஸ்டோட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். ஆனால் தோணியை நிறுத்தியது யார்? ஆற்றுவாழை அடர்ந்த இடத்தில் விட்டால் உடனே நிற்கிறது. தெளிந்த நீரில் விட்டால் இன்னும் தூரம் போகிறது. தோணி தானாக நிற்கவில்லை, தண்ணீர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தடையும் ஒரு விசைதான், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தடையைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்தவர் கலீலியோ. தடையே இல்லாவிட்டால் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்டன் 1687 இல் இதைத் தன் முதலாவது விதியாக எழுதினார். ஓய்வில் இருப்பது ஓய்வில் இருக்கும், ஓடுவது அதே வேகத்தில் அதே நேர்கோட்டில் ஓடும், வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும் வரைக்கும். இந்தப் பிடிவாதக் குணத்துக்குத்தான் சடத்துவம் என்று பெயர். 1977 இல் ஏவிய வொயேஜர் 1 விண்கலம் தன்னைத் தள்ள எஞ்சின் எதுவும் ஓடாமலே இன்றைக்கும் செக்கனுக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே தண்ணீரும் இல்லை, ஆற்றுவாழையும் இல்லை.

அப்படியானால் விசையின் வேலை ஓட்டத்தை மாற்றுவது. நிற்பதை ஓட வைக்கலாம், ஓடுவதை நிறுத்தலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அல்லது வேகத்தைத் தொடாமல் திசையை மட்டும் திருப்பலாம். இந்தக் கடைசி வேலையை ஞாபகம் வைத்திருங்கள், நிலாவுக்கு வரும்போது தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி பார்த்திருப்பீர்கள். வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் மரக் கொம்புகளைக் கொளுவிவைத்து ஆளுக்கொரு பக்கம் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். இத்தனை பேர் இழுத்தும் கொம்பு சில நேரம் அசையாமல் நிற்கும். அங்கே விசை இல்லையா? கையில் தோல் உரிந்தவரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள்! விசை இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் சமன். ஒன்றை ஒன்று கழித்தால் மிஞ்சுவது பூச்சியம். அந்த மிச்சத்தைத்தான் விளையுள் விசை என்கிறோம். ஓட்டம் மாறுமா மாறாதா என்பதை இந்த மிச்சம்தான் முடிவுசெய்கிறது. கொம்பு முறிந்த கணத்தில் எதிர்ப்பக்க இழுவை இல்லாமல் போகிறது, உடனே ஆட்கள் பின்னால் சரிகிறார்கள். விசைகள் சமன் என்றால் ஓட்டத்தில் மாற்றம் இல்லை. மாற்றம் தெரிகிறது என்றால் சமன் இல்லை.

திணிவா, நிறையா, எடையா?

யூடியூப்பில் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு சின்ன விலகல். இந்தியத் தமிழ்ப் பாடங்களில் நிறை என்று சொல்வது எங்கள் பாடப்புத்தகத்தில் திணிவு. அவர்கள் எடை என்பது எங்களுக்கு நிறை. அவர்களின் முடுக்கம், அதாவது வேகம் கூடிக்கொண்டு போகும் வீதம், எங்களுக்கு ஆர்முடுகல். ஒரே சொல் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் இன்னொரு பொருள். இதைத் தெரியாமல் வீடியோவையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பிய பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். நான் இங்கே எங்கள் வழக்கத்திலேயே எழுதுகிறேன்.

ஒரு பொருளில் எவ்வளவு சடப்பொருள் இருக்கிறது என்பது திணிவு, அது கிலோகிராமில். அதைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது நிறை, அது விசை என்பதால் நியூட்டனில். ஒரு கிலோ பாரை மீனைப் பூமி ஏறக்குறைய 9.8 நியூட்டனால் இழுக்கிறது. அதே மீனை நிலாவுக்குக் கொண்டுபோனால் திணிவு அதே ஒரு கிலோதான், நிறை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும். சந்தையில் கொளுவித் தூக்கும் வில்தராசு அங்கே ஏமாற்றும். படிக்கல் வைத்து நிறுக்கும் பழைய தராசு ஏமாற்றாது, மீனோடு சேர்ந்து படிக்கல்லின் நிறையும் குறைந்திருக்கும் அல்லவா!

இந்த 9.8 கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மத்திய கோட்டுப் பக்கம் 9.78, துருவத்தில் 9.83. நாங்கள் குறைவான பக்கத்தில் இருக்கிறோம். இன்னொரு விநோதமும் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஒரு பெரிய பரப்பில் ஈர்ப்பு சற்றுப் பலவீனம். அதனால் அங்கே கடல்மட்டம், பூமியை ஒப்பமான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் வரவேண்டிய மட்டத்தைவிட, 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்குப் பள்ளம் தெரியாது. ஏனென்றால் மட்டம் எது என்பதைச் சொல்வதே ஈர்ப்புத்தான்.

விழுதல் என்றால் என்ன?

கையை விட்ட பொருள் முதல் ஒரு செக்கனில் 4.9 மீற்றர் விழும். வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு 9.8 மீற்றர் என்று கூடிக்கொண்டே போகும். 20 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து தேங்காய் விழ இரண்டு செக்கன்தான் பிடிக்கும். நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் மணித்தியாலத்துக்கு 70 கிலோமீற்றர். தென்னைக்குக் கீழே கதிரை போடாதே என்று அம்மம்மா சொன்னது பௌதிகம்தான்.

பாரமானது வேகமாக விழும் என்பது அடுத்த பிழையான எண்ணம். பத்துக் கிலோவைப் பூமி பத்து மடங்கு பலமாக இழுப்பது உண்மை. ஆனால் அதை அசைப்பதும் பத்து மடங்கு கடினம், சடத்துவமும் பத்து மடங்கு ஆயிற்றே. இரண்டும் வெட்டுப்பட்டுப் போக, எல்லாம் ஒரே ஆர்முடுகலில் விழுகின்றன. இறகு மெதுவாக வருவது காற்றுத் தடையால். 1971 இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன.

இனி ஒரு பரிசோதனை, வீட்டிலேயே செய்யுங்கள். இரண்டு 10 ரூபாய்க் குற்றிகளை மேசை விளிம்பில் வையுங்கள். ஒன்றை விளிம்பிலிருந்து அப்படியே விழ விடுங்கள், அதே கணத்தில் மற்றதைச் சுண்டி விடுங்கள். சுண்டிய குற்றி தூரப் போய் விழும், விட்டது காலடியில் விழும். ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒரே ஒரு ‘டிங்’தான். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கீழே விழும் கணக்கு மாறுவதில்லை. முதல் தடவை சரிவராது, நாலைந்து தரம் பழக வேண்டும். ஆனால் இதைக் காதால் கேட்டவருக்கு நிலாவை விளக்குவது பாதி முடிந்த மாதிரி.

இப்போது மீண்டும் கல்லடிக் கடற்கரைக்கு வாருங்கள். கரையில் நின்று பார்க்கிற ஆளுக்குக் கடல்விளிம்பு 4 அல்லது 5 கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் போகிற வள்ளத்தின் உடம்பு முதலில் மறையும், மேற்பகுதி கடைசியாக மறையும். கடல் வளைந்திருக்கிறது. எவ்வளவு வளைவு? இருந்த இடத்திலிருந்து நேர்கோடு ஒன்றைக் கிடையாக நீட்டினால், 8 கிலோமீற்றர் தூரத்தில் கடல் அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 5 மீற்றர் கீழே இறங்கியிருக்கும்.

ஒரு செக்கனில் பொருள் விழும் தூரமும் ஏறக்குறைய 5 மீற்றர் என்று இப்போதுதான் பார்த்தோம். அப்படியானால் கிழக்கு நோக்கி ஒரு கல்லைச் செக்கனுக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால்? (காற்றும் மலையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு செக்கனில் கல் 5 மீற்றர் விழுகிறது. அதே ஒரு செக்கனில் அதன் கீழே கடலும் 5 மீற்றர் இறங்கிவிடுகிறது. கல்லுக்கும் கடலுக்கும் இடைவெளி மாறவில்லை. அடுத்த செக்கனிலும் இதே கதை. நாலு நிமிடத்தில் தாய்லாந்தைக் கடந்து, ஏறக்குறைய 85 நிமிடத்தில் மேற்கிலிருந்து வந்து உங்கள் பிடரியில் அடிக்கப் பார்க்கும்! கல் ஒரு கணமும் விழாமல் இருக்கவில்லை. விழுந்துகொண்டே இருக்கிறது, நிலம்தான் அகப்படவில்லை. உயரமான மலையில் வைத்த பீரங்கியைக் கற்பனை செய்து நியூட்டன் சொன்னதும் இதுதான். நான் பீரங்கியைக் கல்லாக்கிக் கல்லடிக்குக் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நிலா அப்படி எறிந்த ஒரு கல். தூரம் 384,400 கிலோமீற்றர், பூமியின் ஆரையைப் போல ஏறக்குறைய 60 மடங்கு. தூரம் கூடினால் ஈர்ப்பு அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் குறையும் என்பது நியூட்டனின் விதி. அறுபதை அறுபதால் பெருக்க 3,600. ஆகவே நிலா ஒரு செக்கனில் 4.9 மீற்றரில் 3,600 இல் ஒரு பங்குதான் விழ வேண்டும். கணக்குப் போட்டால் 1.4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நிலா செல்லும் பாதையை அளந்து பார்த்தாலும் ஒவ்வொரு செக்கனும் நேர்கோட்டிலிருந்து அந்த அளவுக்கே பூமியின் பக்கம் வளைகிறது. தேங்காயை இழுக்கிற கையும் நிலாவை இழுக்கிற கையும் ஒன்று என்று நியூட்டன் துணிந்தது இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான். முற்றத்துக்கு ஒரு சட்டம், வானத்துக்கு ஒரு சட்டம் என்று அதுவரை இருந்த எண்ணம் அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். “ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, மையநீக்க விசை வெளியே இழுக்கிறது, இரண்டும் சமப்படுவதால் நிலா விழாமல் நிற்கிறது” என்று எழுதிக்கொடுக்கிற நோட்ஸ் கையில் வந்தால் கசக்கிப் போட மனம் வரும். கொம்புமுறியை நினைத்துப் பாருங்கள். விசைகள் சமன் என்றால் ஓட்டம் மாறாது, அதாவது நிலா நேர்கோட்டில் எங்கள் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். அது வளைகிறது. ஆகவே சமன் இல்லை. நிலாவின் மேல் இருப்பது பூமியை நோக்கிய ஓர் இழுவைதான், அது வேகத்தை அதிகம் தொடாமல் திசையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. ஞாபகம் வைத்திருக்கச் சொன்ன வேலை இதுதான்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இந்த விழுதலால்தான். சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரோட்டால் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அங்கே ஈர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 வீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருக்கிற ஆட்களும் பேனையும் தண்ணீர்த் துளியும் ஒன்றாக விழுகிறபடியால், யாரும் எதன் மேலும் அமர்த்துவதில்லை. அது ஏறக்குறைய 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும்.

நிலாவுக்கு அதே சுற்றுக்கு 27.3 நாள். கிட்ட இருப்பது 90 நிமிடம், தூர இருப்பது 27 நாள் என்றால், இடையில் எங்கோ ஓர் உயரத்தில் சரியாக ஒரு நாள் வந்தாக வேண்டும். அந்த உயரம் 35,786 கிலோமீற்றர். மத்திய கோட்டுக்கு நேர்மேலே அங்கே ஒரு செய்மதியை வைத்தால், பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். எங்களுக்கு அது வானத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். தொடர்பாடலுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1945 இல் எழுதிக் காட்டியவர் ஆதர் சி. கிளார்க். பிறகு 1956 இல் இலங்கைக்கு வந்து, சாகும்வரை இங்கேயே இருந்தவர். உங்கள் கூரை டிஷ் அசையாமல் ஒரே இடத்தைப் பார்ப்பது இதனால்தான். நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் எங்கள் டிஷ் அண்ணாந்து பார்க்கிறது. லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் பார்த்தால் அது எதிர்வீட்டுக் கூரையை எட்டிப் பார்ப்பது மாதிரித் தாழ்ந்திருக்கும்.

சூரியனைச் சுற்றி

நிலா பூமியைச் சுற்றி விழுவதுபோல, எட்டுக் கோள்களும் சூரியனைச் சுற்றி விழுகின்றன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். புளூட்டோவை 2006 இல் குறுங்கோள் என்று வகை மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுத் தொகுதியின் மொத்தத் திணிவில் 99.8 வீதம் சூரியனிடமே இருக்கிறது. இழுக்கிற பலம் யாரிடம் என்று கேட்கத் தேவையில்லை.

தூரம் கூடக் கூட இழுவை குறைகிறது, ஓட்டம் மெதுவாகிறது, பாதையும் நீள்கிறது. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள், பூமிக்கு ஒரு வருடம். வியாழனுக்கும் சனிக்கும் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் சொல்லும். குருப்பெயர்ச்சி ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒன்று. ராசி பன்னிரண்டு. பெருக்கிப் பாருங்கள், வியாழனுக்கு 12 வருடம், சனிக்கு 30 வருடம் வரும். உண்மையான கணக்கும் ஏறக்குறைய அதுதான், 11.9 உம் 29.5 உம். ஏழரைச் சனி என்பது சனி மூன்று ராசி கடக்கிற நேரம். அது பிடித்தால் என்ன ஆகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த ஏழரை என்ற எண்ணில் நம்பிக்கை உண்டு. பழைய ஆட்கள் சனியை மந்தன் என்று அழைத்தார்கள். செக்கனுக்கு 9.7 கிலோமீற்றர் ஓடுகிறவரை, 30 கிலோமீற்றர் ஓடுகிற பூமியில் இருந்து பார்த்து வைத்த பெயர், பொருத்தமான பெயர்.

புத்தகப் படத்தில் கோள்கள் வரிசையாக நெருக்கியடித்து நிற்கும். அதை நம்ப வேண்டாம். சூரியனை ஒரு மீற்றர் அகலப் பந்தாக்கிப் பழைய கல்லடிப் பாலத்தின் நகரப் பக்க முனையில் வையுங்கள். பாலத்தில் 41 ஆவது மீற்றரில் புதன், 78 இல் வெள்ளி, 108 இல் பூமி, 164 இல் செவ்வாய். பூமி 9 மில்லிமீற்றர், ஒரு கடலை அளவு. நிலா அந்தக் கடலையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடுகு போல இருக்கும். பாலம் முந்நூறு மீற்றருக்கு உட்பட்டது, அதற்குள் நாலு கோளும் அடங்கிவிட்டன. வியாழன் பாலத்தைத் தாண்டி 560 மீற்றரில் ஒரு தோடம்பழம். சனி ஒரு கிலோமீற்றரில். நெப்டியூன் காத்தான்குடிப் பக்கம் போகிற வழியில், 3.2 கிலோமீற்றரில். சூரியனுக்கு அடுத்து எங்களுக்குக் கிட்ட இருக்கிற நட்சத்திரம்? இதே அளவில் ஏறக்குறைய 29,000 கிலோமீற்றர் தூரத்தில். இலங்கைக்குள் வைக்க முடியாது, பூமிக்குள்ளேயே வைக்க முடியாது. அந்த ஒரு மீற்றர்ப் பந்தின் இழுவை 3 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன உருண்டையையும் விடாமல் பிடித்திருக்கிறது. நெப்டியூனைக் கண்டுபிடித்ததும் இந்த இழுவையை வைத்துத்தான். யுரேனஸ் கணக்குப் பிசகி ஓடுவதைப் பார்த்து, அதை யாரோ இழுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, 1846 இல் சொன்ன இடத்துக்குக் கிட்டவே தொலைநோக்கியில் பிடித்தார்கள்.

இழுவை ஒருபக்க வேலையும் அல்ல. பூமி நிலாவை இழுக்கிற அதே அளவுக்கு நிலாவும் பூமியை இழுக்கிறது, கடல் வற்றிப் பெருகுவது அதனால். எங்கள் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் பலர் கவனிப்பதில்லை. பூரணைக்கும் அமாவாசைக்கும் சூரியனும் ஒரே கோட்டில் சேர்ந்துகொள்வதால் கொஞ்சம் கூடும். பூரணை இரவில் எங்கள் வாவியில் மீன் பாடுவது கேட்கும் என்பதை மட்டும் ஈர்ப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது வேறு கதை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்காவின் மகள் கச்சான் கோதைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். “அப்ப மாமா, நிலாவ ஆரும் பிடிச்சு நிப்பாட்டினா?”

பக்கவாட்டு ஓட்டம் போய்விட்டால் நேரே எங்களை நோக்கித்தான் வரும். முதல் செக்கனில் அதே 1.4 மில்லிமீற்றர், பிறகு கூடிக் கூடி, ஏறக்குறைய 4.8 நாளில் வந்து சேரும். பூமியை நிறுத்தினால் சூரியனுக்குள் போய் விழ 65 நாள் பிடிக்கும் என்றேன்.

விரலை மடக்கி எண்ணினாள். “தவணைச் சோதினைக்கு இன்னும் ரெண்டு மாசம். அது காணாது மாமா, சோதினை முடிஞ்சுதான் விழும்.”